பெரிய கிளப்புன்னா எவ்வளவு பெருசு?

முதல்ல ஒரு சின்ன க்விஸ். யோசிக்க பத்து செகண்ட்தான் டைம்!

இங்கிலாந்தில் ரெண்டு ஃபுட்பால் கிளப். முதல் கிளப், ஐரோப்பியக் கோப்பையை (அதாங்க, இப்போ சாம்பியன்ஸ் லீக்னு சொல்றோமே... அதேதான்) அடுத்தடுத்து ரெண்டு வருஷம் ஜெயித்தது. அடுத்த கிளப், 2021 வரைக்கும் அந்தக் கோப்பையை ஒரு தடவைகூட ஜெயிக்கவில்லை. சொந்த நாட்டு லீகையே கடைசியாக ஜெயித்தது 1961-ல். இதில் எது பெரிய கிளப்?

'இதெல்லாம் ஒரு கேள்வியா? முதல் கிளப்தான்!' என்று கையைத் தூக்கிய மக்களே... ஸாரி.

முதல் கிளப் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட். ரெண்டாவது டாட்டன்ஹாம். 2021 ஏப்ரல் 18-ம் தேதி, 12 கிளப்புகள் சேர்ந்து 'ஐரோப்பிய சூப்பர் லீக்' என்று ஒன்றை அறிவித்தன. நிறுவன கிளப்புகளுக்கு நிரந்தர இடம். எத்தனை மேட்ச் தோற்றாலும் கீழே இறங்கத் தேவையில்லை. அந்த லிஸ்ட்டில் டாட்டன்ஹாம் இருந்தது. ஃபாரஸ்ட் இல்லை. 1982-ல் ஐரோப்பியக் கோப்பையை ஜெயித்த ஆஸ்டன் வில்லாவும் இல்லை. லிஸ்ட்டில் இருந்த ஆறு இங்கிலாந்து கிளப்புகளில் ஆர்சனல், டாட்டன்ஹாம், மான்செஸ்டர் சிட்டி மூன்றுமே அந்தத் தேதி வரை அந்தக் கோப்பையை ஜெயிக்காதவை!

'உங்க கிளப்பெல்லாம் ஒரு கிளப்பாடா?' என்று ஹாஸ்டல் டி.வி. ரூமில் நாம் போடும் சண்டைதான் இது. என்ன, நாம் சண்டை போட்டால் அரை மணி நேரத்தில் டீ குடிக்கப் போய்விடுவோம். அதையே கோட் சூட் போட்டவர்கள் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து முடிவு செய்தால், ஒரு ஊரின் கிளப்பே காணாமல் போய்விடும். போயிருக்கிறது. அதனால், பெரிசு சிறிசு என்று எதை வைத்து அளக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் சீரியஸாகவே பார்த்துவிடலாம்.

கோப்பையை எண்ணலாமா?

எல்லோரும் முதலில் எடுக்கும் அளவுகோல் இதுதான். 'எங்க ஷோகேஸைப் பாரு, உங்க ஷோகேஸைப் பாரு.'

ஃபாரஸ்ட் கதையையே எடுத்துக்கொள்வோம். 1977-ல்தான் ரெண்டாவது டிவிஷனிலிருந்து மேலே வந்தார்கள். மேனேஜர் ப்ரையன் கிளஃப். வாய்க்கொழுப்புக்கும் பேர் போனவர், வெற்றிக்கும் பேர் போனவர். மேலே வந்த முதல் சீஸனிலேயே, 1978-ல், லீக் சாம்பியன். அடுத்த வருஷம் ஐரோப்பியக் கோப்பை. அதற்கடுத்த வருஷமும் அதே கோப்பை! உள்ளூர் லீகை ஒரே ஒரு தடவை ஜெயித்துவிட்டு, ஐரோப்பியக் கோப்பையை ரெண்டு தடவை ஜெயித்த கிளப் உலகத்திலேயே இது ஒன்றுதான்.

அப்புறம்? 1999-ல் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கினார்கள். 2005-ல் மூன்றாவது டிவிஷனுக்கே போய்ச் சேர்ந்தார்கள். ஐரோப்பியக் கோப்பையை ஜெயித்த ஒரு கிளப் அவ்வளவு கீழே போனது அதுதான் முதல் முறை. திரும்பி வர 2022 ஆகிவிட்டது. இருபத்து மூன்று வருஷம், பாஸ்!

இன்னும் பின்னால் போனால் ப்ரெஸ்டன் நார்த் எண்ட். உலகின் முதல் ஃபுட்பால் லீகின் முதல் சாம்பியன். 1888-89 சீஸனில் ஒரு லீக் மேட்ச்கூடத் தோற்காமல் ஜெயித்தவர்கள். 1992-ல் பிரீமியர் லீக் தொடங்கியதிலிருந்து 2025 வரை அதில் ஒரு சீஸன்கூட ஆடும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

ஆக, கோப்பை என்பது ஒரு காலத்தில் நாம் பெரிய ஆள் என்பதற்கு ரசீது. ரசீதை ஃப்ரேம் போட்டு மாட்டலாம். அதைக் காட்டி இன்றைக்குச் சாமான் வாங்க முடியாது.

காசைப் பார்க்கலாமா?

'இந்தக் காலத்துல காசுதான் மச்சி எல்லாம்' என்று ஒரு கோஷ்டி உண்டு. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. 2008 செப்டம்பரில் அபுதாபி பணம் உள்ளே வந்தது. நாலே வருஷத்தில், 2012-ல், மான்செஸ்டர் சிட்டி லீக் சாம்பியன். 2023-ல் லீக், எஃப்.ஏ. கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றும் ஒரே சீஸனில்.

பக்கத்து வீட்டு மான்செஸ்டர் யுனைடெட் நேர் எதிர் கதை. 2013-க்குப் பிறகு 2025 வரை ஒரு லீக் பட்டமும் இல்லை. 2024-25 சீஸனில் பதினைந்தாவது இடம். ஆனால் அதே சீஸனில் வருமானம் 650 மில்லியன் பவுண்டைத் தாண்டியது! மைதானத்தில் தோற்றாலும் கல்லா நிரம்புகிறது. அந்தக் கல்லாவில் நம்ம ஊர்ப் பையன் வாங்கிய ஜெர்சியும், அவன் அப்பா கட்டிய கேபிள் காசும் துளியூண்டு இருக்கிறது என்பது வேறு விஷயம்.

சரி, அப்போ காசுதான் அளவுகோலா? லீட்ஸ் யுனைடெட் ரசிகர்களிடம் கேட்டுப் பாருங்கள், அழுதுவிடுவார்கள். 2001-ல் சாம்பியன்ஸ் லீக் செமி ஃபைனல் வரை போன டீம் அது. வருஷா வருஷம் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடுவோம், அந்தப் பணம் வந்துகொண்டே இருக்கும் என்ற நம்பிக்கையில் கடன் வாங்கி ஆள் எடுத்தார்கள். வராத சம்பளத்தை நம்பி வாங்கிய இ.எம்.ஐ. மாதிரி! ரெண்டு சீஸன் தகுதி பெறவில்லை. வீரர்களை விற்றார்கள். 2004-ல் பிரீமியர் லீக்கை விட்டு இறங்கினார்கள். அதே வருஷம் சொந்த ஸ்டேடியத்தையும் விற்றார்கள். 2007-ல் மூன்றாவது டிவிஷன். ஸ்டேடியத்தைத் திரும்ப வாங்க 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

காசு ஒரு கிளப்பைப் பெரிசாக்கும். ஆனால் அது யாருடைய காசு, எத்தனை நாளைக்கு இருக்கும் என்பதை ரசிகன் முடிவு செய்வதில்லை.

தலையை எண்ணலாமா?

மூன்றாவது அளவுகோல் கூட்டம். இங்கேதான் கதை சுவாரஸ்யமாகிறது.

2018-19 சீஸன். சண்டர்லேண்ட் கிளப் அடுத்தடுத்து ரெண்டு சீஸனில் ரெண்டு டிவிஷன் இறங்கி, மூன்றாவது டிவிஷனில் கிடக்கிறது. அதே சீஸனில் போர்ன்மவுத் பிரீமியர் லீக்கில் லிவர்பூலோடும் யுனைடெட்டோடும் மோதிக்கொண்டிருக்கிறது. இப்போது கூட்டத்தைப் பாருங்கள். போர்ன்மவுத் ஸ்டேடியத்தில் மொத்த இடமே 11 ஆயிரத்துச் சொச்சம். சண்டர்லேண்டில் ஒரு மேட்சுக்குச் சராசரியாக 32 ஆயிரத்துக்கு மேல்! கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பிராட்ஃபோர்டுடன் நடந்த மேட்சுக்கு வந்தவர்கள் 46,039 பேர். மூன்றாவது டிவிஷன் மேட்சுக்குங்க!

யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்று நம் பாட்டிகள் சொல்வது இதைத்தான். சண்டர்லேண்ட் 2025-ல் பிரீமியர் லீக்குக்குத் திரும்பியது. அந்தக் கூட்டம் மட்டும் எங்கேயும் போகவில்லை, அங்கேயேதான் இருந்தது.

இன்னொரு உதாரணம், நம்ப மாட்டீர்கள்... மான்செஸ்டர் சிட்டியேதான். 1998-99 சீஸனில் அவர்களும் மூன்றாவது டிவிஷன். 1999 மே 26-ல் யுனைடெட் ஐரோப்பிய சாம்பியன் ஆகிறது. நாலு நாள் கழித்து, ரெண்டாவது டிவிஷனுக்கு ஏறுவதற்காக வெம்ப்ளியில் ஜில்லிங்ஹாமோடு மோதுகிறது சிட்டி. ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் ஸ்கோர் 0-2. கடைசி நிமிடங்களில் ரெண்டு கோல். அப்புறம் பெனால்டியில் ஜெயித்தார்கள். அந்த சீஸன் முழுக்க சிட்டியின் ஹோம் மேட்சுகளுக்கு வந்த கூட்டம் சராசரியாக 28 ஆயிரம். 'நேத்து முளைச்ச காளான்' என்று சிட்டியைக் கிண்டல் செய்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அபுதாபி பணம் வருவதற்கு ஒன்பது வருஷம் முன்னாலேயே, காசும் கோப்பையும் இல்லாத காலத்திலேயே, அந்த 28 ஆயிரம் பேர் வந்துகொண்டிருந்தார்கள்.

அப்போ கூட்டம்தான் சரியான அளவுகோலா? அங்கேயும் ஒரு இடி இருக்கிறது. பெரிய ஊரில் பிறந்த கிளப்புக்குப் பெரிய கூட்டம் வரும். சின்ன ஊரில் பிறந்தது அந்தக் கிளப்பின் தப்பா என்ன? போர்ன்மவுத்தையே எடுங்கள். 2008-09 சீஸனை நாலாவது டிவிஷனில், 17 பாயின்ட் அபராதத்தோடு தொடங்கி, உயிர் ஊசலாடிய கிளப் அது. ஏழே வருஷத்தில், 2015-ல், பிரீமியர் லீக்குக்கு ஏறினார்கள். இவர்களைப் போய்ச் சிறிசு என்று எந்த வாயால் சொல்வது?

சின்னது செத்தா என்ன?

மான்செஸ்டருக்கு வடக்கே சில மைல் தூரத்தில் ஒரு ஊர். பெயர் பெரி. பேரில்தான் பெரி, கிளப் சின்னது. 1885-ல் தொடங்கியது. 1903 எஃப்.ஏ. கோப்பை ஃபைனலில் டெர்பி கவுண்ட்டியை 6-0 என்று துவைத்துக் காயப்போட்டார்கள். ஃபைனலில் இவ்வளவு பெரிய வித்தியாசத்தில் யாரும் ஜெயித்ததில்லை. 116 வருஷம் நின்ற ரெக்கார்ட் அது. 2019 மே மாதம் வாட்ஃபோர்டை அதே 6-0 கணக்கில் தோற்கடித்து அதைச் சமன் செய்தது யார் தெரியுமா? பக்கத்து ஊர் மான்செஸ்டர் சிட்டி.

சரியாக மூன்று மாதம் கழித்து, 2019 ஆகஸ்ட் 27-ல், பெரி கிளப் லீக்கை விட்டே நீக்கப்பட்டது. இத்தனைக்கும் அந்த மே மாதம்தான் நாலாவது டிவிஷனிலிருந்து மூன்றாவதுக்கு ஏறியிருந்தார்கள். மைதானத்தில் ஜெயித்தார்கள், கணக்குப் புத்தகத்தில் தோற்றார்கள். 2018 டிசம்பரில் கிளப் கைமாறிய விலை வெறும் ஒரு பவுண்டு! கிளப்பை நடத்தப் பணம் இருக்கிறது என்று புது உரிமையாளரால் லீக்கிடம் நிரூபிக்க முடியவில்லை. அதே கோடையில் சிட்டி, ரோட்ரி என்ற ஒரே வீரருக்கு 60 மில்லியன் பவுண்டுக்கு மேல் கொடுத்தது. சிட்டி மேல் தப்பில்லை, அது அவர்கள் வியாபாரம். ஆனால் சில மைல் இடைவெளியில் இப்படி ஒரு பள்ளம்.

நீக்கப்பட்ட அந்த நாள் பெரி ரசிகர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் தெரியுமா? ஸ்டேடியத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். அடுத்த மேட்ச் நடக்கும் என்ற நம்பிக்கையில் தன்னார்வலர்களாக வந்து கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். ராத்திரி செய்தி வந்தது. 134 வருஷம் அதோடு சரி.

'சின்ன கிளப்தானே' என்று ஒரு வார்த்தையில் இதைக் கடந்துவிடலாம். சின்ன கிளப்புதான். ஆனால் சனிக்கிழமை மத்தியானம் பேரனைக் கூட்டிக்கொண்டு போகிற தாத்தாவுக்கு அதுதான் ஒரே கிளப். பெரி இல்லையென்றால் சிட்டி என்று அவரால் மாற முடியாது. முடிந்தால் எப்போதோ மாறியிருப்பாரே!

பூங்காவில் நடந்த செலக்‌ஷன்

இப்போது விம்பிள்டன். டென்னிஸ் நடக்கும் அதே விம்பிள்டன்தான்.

1977-ல்தான் இந்தக் கிளப்பை நாலு டிவிஷன் லீக்குக்குள்ளேயே சேர்த்தார்கள். 1986-ல் முதல் டிவிஷன். 1988 எஃப்.ஏ. கோப்பை ஃபைனலில் அன்றைய லீக் சாம்பியன் லிவர்பூலை 1-0 என்று வீழ்த்தினார்கள். லாரி சான்செஸ் தலையால் முட்டிய கோல். ஜான் ஆல்ட்ரிட்ஜ் அடித்த பெனால்டியை கோல் கீப்பர் டேவ் பீஸன்ட் தடுத்தார். பதினோரு வருஷத்தில் அடிமட்டத்திலிருந்து உச்சி!

ஆனால் 1991-ல் சொந்த மைதானத்தை விட்டு இன்னொரு கிளப்பின் மைதானத்தில் வாடகைக்குக் குடியேறினார்கள். நஷ்டம் ஏறிக்கொண்டே போனது. கிளப்பை சுமார் 90 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மில்டன் கீன்ஸ் நகரத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம் என்றார்கள் உரிமையாளர்கள். 2002 மே 28-ல் மூன்று பேர் கொண்ட கமிஷன் ரெண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அனுமதி கொடுத்தது. ரசிகர்கள் புதிதாக ஒரு கிளப் தொடங்கி அடியிலிருந்து வருவது ஃபுட்பாலின் விரிந்த நலனுக்கு உகந்ததல்ல என்கிற ரீதியில் அறிக்கையில் ஒரு வரியும் எழுதினார்கள்.

எழுதி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது... அந்த ஜூன் கடைசியில் விம்பிள்டன் பொதுப் பூங்காவில் செலக்‌ஷன் நடந்தது. யார் வேண்டுமானாலும் வரலாம். இருநூறு பேருக்கு மேல் வந்தார்கள். அதிலிருந்து ஒரு டீம். பெயர் ஏ.எஃப்.சி. விம்பிள்டன். உரிமையாளர்கள் ரசிகர்களே. ஆட்டம் தொடங்கியது ஒன்பதாவது டிவிஷனில். ஜூலையில் நடந்த முதல் நட்பு ஆட்டத்தில் 0-4 என்று உதை வாங்கினார்கள். பார்க்க வந்தவர்கள் நாலாயிரத்துக்கு மேல்! அந்த சீஸனில் ஒன்பதாவது டிவிஷன் டீமுக்கு வந்த சராசரிக் கூட்டம், ரெண்டாவது டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்த பழைய விம்பிள்டனுக்கு வந்ததைவிட அதிகம். வீரர்கள் அங்கே, ரசிகர்கள் இங்கே. அப்போ கிளப் எங்கே இருந்தது? நீங்களே சொல்லுங்கள்.

ஒன்பது வருஷத்தில் ஐந்து முறை டிவிஷன் ஏறினார்கள். 2011-ல் நாலு டிவிஷன் லீக்குக்குள் வந்தார்கள். 2018-ல் மில்டன் கீன்ஸ் டீம் நாலாவது டிவிஷனுக்கு இறங்கியபோது, இவர்கள் மூன்றாவதில் இருந்தார்கள். 2020 நவம்பரில் பழைய மைதானம் இருந்த அதே ப்ளவ் லேன் தெருவிலேயே சொந்த ஸ்டேடியம் கட்டிக் குடியேறினார்கள்.

கோப்பை, காசு, கூட்டம்... மூன்றிலும் விம்பிள்டன் சிறிசுதான். ஆனால் மூன்று அளவுகோலும் சொல்லாத ஒன்றை இந்தக் கதை சொல்கிறது. கிளப்பை இன்றைக்கு இழுத்து மூடினால், நாளைக்குப் பூங்காவில் போய் மறுபடி தொடங்க எத்தனை பேர் வருவார்கள்? என் கணக்கில் கிளப்பின் சைஸ் அதுதான். பெரி கிளப்பும் இந்தக் கணக்கில் தப்பித்தது. ரசிகர்கள் விடவில்லை. மைதானத்தை மீட்டார்கள். 2023-ல் அதே பெயரில், அதே கிக் லேன் ஸ்டேடியத்தில், பல டிவிஷன் கீழே இருந்தாலும் மறுபடி பந்து உருண்டது.

ரெண்டு நாள் சூப்பர் லீக்

சூப்பர் லீக் என்ன ஆச்சு என்கிறீர்களா? அறிவித்து ரெண்டே நாளில் ஆறு இங்கிலாந்து கிளப்புகளும் வாபஸ்! எதிர்த்துத் தெருவில் நின்றது விடப்பட்ட கிளப்புகளின் ரசிகர்கள் மட்டுமல்ல. ஏப்ரல் 20 சாயங்காலம் செல்சீ ஸ்டேடியத்துக்கு வெளியே வழியை மறித்தவர்கள் செல்சீ ரசிகர்கள். 'நீங்கதான் பெரிய கிளப், உங்களுக்கு ஆயுசுக்கும் சீட் ரிசர்வ்' என்று தட்டில் வைத்துக் கொடுத்ததை வேண்டாம் என்றார்கள். ஏன்? கீழே இறங்கும் பயமே இல்லாத லீக்கில் மேலே இருப்பதற்கு என்ன மரியாதை? ஃபாரஸ்ட் மாதிரி ஒரு டீம் திடீரென்று ஏறி வந்து நம்மை அடிக்கலாம் என்பதால்தானே ஜெயித்தால் கத்துகிறோம்!

அந்தக் கோபம் சட்டமாகவும் ஆனது. 2025 ஜூலையில் இங்கிலாந்து ஃபுட்பாலுக்கென்று தனி ஆணையம் அமைக்கும் சட்டம் வந்தது. மேல் ஐந்து டிவிஷன் கிளப்புகளும் அதற்குள் வருகின்றன. உரிமையாளரிடம் பணம் இருக்கிறதா என்று பார்ப்பது, இஷ்டத்துக்கு ஸ்டேடியத்தை விற்க முடியாமல் செய்வது, பிரிந்துபோகும் லீக்குகளுக்குத் தடை போடுவது... எல்லாம் அதன் வேலை. பெரிக்கு ஆறு வருஷம் லேட்டு. அடுத்த பெரிக்காவது உதவட்டும்.

ஆயிரம் மைல் தள்ளி டி.வி.யில் மட்டும் பார்த்தாலும் நாமும் ரசிகர்கள்தான், அதில் சந்தேகமே வேண்டாம். அதனால் கடைசியாக உங்களுக்கும் ஒரு கேள்வி. உங்கள் கிளப் நாளைக்கு மூன்றாவது டிவிஷனுக்குப் போகிறது என்று வையுங்கள். டி.வி.யில் காட்ட மாட்டார்கள். ஸ்டார் வீரர் ஒருத்தரும் இருக்க மாட்டார். பனியில் நனைந்த ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி 0-1 என்று தோற்றிருக்கும். மறுநாள் காலையில் அந்த ஜெர்சியைப் போட்டுக்கொண்டு காலேஜுக்கு வருவீர்களா?

வருவேன் என்றால் சொல்லுங்கள் பாஸ்... உங்கள் கிளப் பெரிய கிளப்தான்!